அப்பா பஸ்ஸில் போன காரணம்

27 அக்டோபர் 1955, வியாழன்

அன்பு மகன் டைட்டஸுக்கு அம்மா ராஜபாய் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் அப்பாவும் பசுவும் சுகமாக இருக்கிறோம். நீயும் அந்த மலாயா தேசத்தில் காய்ச்சல் கீய்ச்சல் அண்டாமல் இருக்க இரண்டு வேளையும் ஜெபிக்கிறோம். சைக்கிளும் சுகம். ஆனால் அது இப்போது அப்பாவுடையது அல்ல, விவரம் கீழே வருகிறது, பதற வேண்டாம்.

உன் கடிதம் போன சனிக்கிழமை கிடைத்தது. லீவில் வந்து போன தேவகுமார், யோவான் மாமாவை நாகர்கோவில் பஸ்ஸில் பார்த்தேன், மடியில் நூல் பொதியை வைத்துக்கொண்டு ஜன்னலோரம் இருந்தார் என்று உன்னிடம் சொன்னானாம். உடனே நீ அப்பாவுக்கு நெஞ்சு நோவா, கால் முட்டு வீங்கிவிட்டதா, எதையும் மறைக்காதீர்கள் அம்மா என்று நாலு பக்கம் எழுதிவிட்டாய். நீ பயந்ததும் நியாயம்தான், கொட்டுகிற மழையில்கூட பஸ் ஏறாத மனுஷன். அவருக்கு நெஞ்சிலும் ஒன்றுமில்லை, முட்டிலும் ஒன்றுமில்லை. அவர் பஸ்ஸில் போனது சைக்கிளைக் காப்பாற்ற. சைக்கிளைக் காப்பாற்ற ஓட்டாமல் இருப்பானேன் என்று நீ கேட்பாய், அதைச் சொல்ல நான் முதலிலிருந்து வரவேண்டும்.

அந்தச் சைக்கிள் எனக்கு இரண்டு மாதம் மூத்தது என்று உனக்குத் தெரியும். அப்பா முதலில் அதை வாங்கினார், இரண்டு மாதம் கழித்து என்னைக் கல்யாணம் செய்தார். ரேந்தை லேஸ் பின்னுகிற பெண்களுக்கு ஊர் ஊராக நூல் கொண்டுபோய்க் கொடுத்து, பின்னி முடித்ததை வாங்கி நாகர்கோவிலில் சேர்க்கிற வேலைக்கு சைக்கிள் இல்லாமல் முடியாது. முன்சக்கரத்தில் இருக்கிற மைல் மீட்டர், அந்தக் காலத்தில் ரேந்தை வேலையை நடத்திய மிஸ்ஸியம்மாள் சீமைக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனது. அதில் பத்தாயிரம் மைல் ஆனால் எல்லாம் சைபராகிவிடும், அப்போதெல்லாம் அப்பா அடுக்களை வாசல் நிலையில் உளியால் ஒரு வெட்டு வெட்டுவார், பக்கத்திலேயே உன் உயரத்துக்கும் வருஷாவருஷம் கோடு போட்டார். நீ வளர்ந்து நின்றுவிட்டாய், வெட்டு நிற்கவில்லை. நீ கப்பல் ஏறும்போது ஒன்பது வெட்டு. அந்தச் சைக்கிளில் மாற்றாத சாமான் கிடையாது, ரிம், டயர், பெடல், சீட்டு எல்லாம் மாற்றியாயிற்று, ஒருமுறை மேல் பைப்பே ஒடிந்து பற்றவைத்தார், அன்றைக்கு வாங்கியதில் மிச்சம் ஹாண்டில்பாரும் மணியும்தான். எனக்கும் அதே முப்பத்திமூன்று வருஷம்தான் ஓடியிருக்கிறது. எனக்குக் கழற்றியது இரண்டு பல், பதிலுக்கு ஒன்றும் வைக்கவில்லை. குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். அதன் கேரியரில் நூல் பொதி ஏறியிருக்கிறது, நீ ஏறியிருக்கிறாய், ஒரு தடவை கால் ஒடிந்த ஆட்டுக்குட்டி ஏறியிருக்கிறது. இனயம் கடற்கரையில் ரேந்தை பின்னுகிற வியாகுலம்மாள், ஒங்க வீட்டுக்காரிக்குக் குடுங்க என்று முப்பது வருஷமாகக் கொடுத்துவிடுகிற கருவாடு மாதாமாதம் ஏறியிருக்கிறது. நான் ஏறியதில்லை. பெண்சாதியைப் பின்னால் வைத்து ஓட்டினால் ஊர் சிரிக்கும் என்று அப்பா சொன்னார், சரி என்று நான் நடந்தேன். வியாகுலம்மாளையும் நான் இதுவரை கண்டதில்லை, கருவாட்டைத்தான் கண்டிருக்கிறேன்.

இனி உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். ஆறாவது வெட்டு விழுந்த வருஷம் உனக்கு விஷக்காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாயே, மூன்றாம் வாரம் டாக்டர் எங்கள் முகத்தைப் பார்க்காமல் பேசத் தொடங்கிவிட்டார். அப்பா வெளியே வேப்பமரத்தடியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்று ஒரு பொருத்தனை செய்தார். பிள்ளை பிழைத்தால் லட்சம் மைல் முடிகிற அன்றைக்கு இந்தச் சைக்கிளை ஆலயத்துக்குக் காணிக்கையாகத் தருகிறேன் என்று. ஏன் அப்போதே தரவில்லை என்று நான் கேட்கவில்லை. நீ பிழைத்தாய். லட்சம் எங்கோ கிடந்தது. பிள்ளைக்குச் சொல்லாண்டாம், அவனுக்கு அது பாரமா இருக்கும் என்றார், நானும் சொல்லவில்லை. ஆனால் போன வருஷம் அறுப்பின் பண்டிகையில் சாட்சி சொல்ல எழுந்தவர், என்ன நினைத்தாரோ, அடுத்த பண்டிகைக்குள் லட்சம் முடியும், சைக்கிளைக் கொண்டுவந்து வைப்பேன் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். எல்லாரும் ஸ்தோத்திரம் என்றார்கள். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தார். மூன்றாம் நாள் சைக்கிளைத் துடைக்கும்போது கை நின்றுவிட்டது.

பாக்கி மைல் குறையக் குறைய வந்ததுதான் இந்த பஸ். முதலில் வெயில் அதிகம் என்றார். பிறகு ரோட்டில் ஜல்லி போட்டிருக்கிறார்கள் என்றார். பிறகு பஸ்ஸில் போனால் நாலு பேரிடம் பேசலாம் என்றார், பஸ்ஸில் யாரிடமும் பேசுவதில்லை என்று கண்டக்டரே என்னிடம் சொன்னான். பஸ் போகாத ஊர்ப் பெண்களுக்கு நூல் போய்ச் சேரவில்லை, அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள், ஒருத்தி இங்கேயே வந்து அண்ணனுக்கு என்ன சொகமில்லியா என்று விசாரித்தாள். சைக்கிள் உள்ளறையில் நின்றது, மீட்டரில் அறுபது மைல் பாக்கி. ஒருநாள் விடியற்காலம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனேன், உன் அப்பா கிணற்றைச் சுற்றிச் சைக்கிளைப் பின்னோக்கி உருட்டிக்கொண்டு போகிறார். என்ன செய்யிறீங்க என்றேன். பேரிங் பாக்கேன் என்றார். நான் வாளியைக் கீழே வைத்தேன். பின்னோக்கி உருட்டினால் மீட்டரும் பின்னோக்கிப் போகும் என்று அப்போதுதான் எனக்குத் தெரியவந்தது. வேர்த்து ஒழுக உருட்டியும் அரை மைல்கூடக் குறையவில்லை, பின்னோக்கி நடந்ததில் துவைகல்லில் இடித்துக் கணுக்கால் வீங்கியதுதான் மிச்சம். மகனே, எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. சைக்கிள் இல்லாத அப்பாவை எனக்குத் தெரியாது. அது போனால் இந்த மனுஷன் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார் என்ற பயம் எனக்கு அன்றைக்குப் பிடித்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை போதகர் ஐயா, காணிக்கை என்று சொல்லிவிட்டுப் பாதியை ஒளித்துவைத்த புருஷன் பெண்சாதியைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். யாரையும் நினைத்துச் செய்தாரா என்று தெரியாது. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் கதையில் பெண்சாதியும் சேர்ந்து சாகிறாள், அதனால் எனக்கும் கொஞ்சம் பயம்தான். மத்தியானம் அப்பா சாப்பிடவில்லை. திங்கட்கிழமை வெள்ளைச் சட்டை போட்டு, சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, நான் இனயம் போயிட்டு வாறேன் என்றார். இனயம் போய் வந்தால் அறுபது மைல் தீரும். நானும் தடுக்கவில்லை, தடுத்து என்ன சொல்ல. விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தார், வழி நெடுக ஆட்கள் ராஜ்யங்களைப் பிரித்துச் சேர்க்கிற கமிஷன் ரிப்போர்ட்டைப் பற்றி, நம்மைத் தமிழ்நாட்டோடு சேர்ப்பார்களா என்று கூடிக்கூடிப் பேசுகிறார்கள் என்றார், எந்த ராஜ்யத்தில் சேர்ந்தாலும் தோட்டியோட்டு ரோட்டின் ஏற்றம் குறையப்போவதில்லை என்றார். ஆலயத்துக்கு முன்னால் இறங்கி உருட்டினாராம், அங்கே வைத்து எல்லாம் சைபராயிற்றாம். உளியை எடுத்துப் பத்தாவது வெட்டை வெட்டினார். முடிஞ்சுது ஏட்டி என்றார். அவர் கொண்டுவந்த கருவாட்டுப் பொட்டணத்தை வாங்கி வைத்துவிட்டு, தரையில் சிதறிய மரச்சீவலைப் பெருக்கினேன்.

பண்டிகை இந்த மாதம் ஒன்பதாம் தேதி ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் கூடாது என்பதால் காணிக்கை ஏலம் எப்போதும்போல மறுநாள் ஆலய வளாகத்தில். நெல், வாழைக்குலை, கோழி, பூசணி, கருப்பட்டி எல்லாம் பந்தலில் வைத்திருந்தது, நடுவில் சைக்கிள், ஹாண்டில்பாரில் ஒரு முழம் ரேந்தை கட்டி. அப்பா அதை ஏறி ஓட்டி வரவில்லை, உருட்டித்தான் கொண்டுவந்தார், இனி என்னுடையது இல்லையே என்றார். ஏலம் கூறியது சபை கணக்கர் சிலுவைதாசன். பூசணிக்காயெல்லாம் இருமடங்கு விலைக்குப் போயிற்று, ஆண்டவருக்கு வைத்தது என்று அவரவர் கூட்டிக்கூட்டிக் கேட்டார்கள். சைக்கிள் முறை வந்தது. சிலுவைதாசன் ஒரு லட்சம் மைல் ஓடின வண்டி, கேளுங்க என்றார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. இன்னொரு தடவை சொன்னார். பந்தலில் கோழி சத்தம்தான் கேட்டது. பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. யோவான் அண்ணனின் சைக்கிளை நாம் யாரும் கேட்கக்கூடாது, அவரே குறைந்த விலையில் திரும்ப எடுத்துக்கொள்ளட்டும் என்று ஊரார் தங்களுக்குள் பேசிவைத்திருக்கிறார்கள். அதை அப்பாவிடம் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. அப்பாவோ, கொடுத்ததைத் தானே திரும்பக் கேட்பது பொருத்தனையை மீறுவது என்று தீர்மானித்திருந்தார், அதை அவர் ஊராரிடம் சொல்லவில்லை. எல்லாரும் அப்பாவைப் பார்க்கிறார்கள், அப்பா பூசணிக்காயைப் பார்க்கிறார். மரியாதை கூடிப்போனால் இப்படித்தான் ஆகும்.

அப்போது கோழி வாங்க வந்திருந்த ஞானசிங், அஞ்சுகிராமத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருப்பவன், அவனுக்கு இந்த உடன்படிக்கை ஒன்றும் தெரியாது, ஒரு விலை சொன்னான். பூசணிக்காய் போன விலைக்குச் சற்று மேல். சிலுவைதாசனுக்கு வேறு வழியில்லை, ஒரு தரம் என்றார், நிறுத்தி அப்பாவைப் பார்த்தார். ரெண்டு தரம் என்று இழுத்தார், தண்ணீர் வாங்கிக் குடித்தார். மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டு, கண்டவன் எல்லாம் ஏறி, ஓடைக்குள் தள்ளி, அந்த மணியைக் கழற்றி விற்பார்கள், அதைப் பார்த்துக்கொண்டு உன் அப்பா அந்த ரோட்டில் நடந்து போவார் என்று எனக்குத் தோன்றியது. நான் பெண்கள் பாயில் எழுந்து நின்று கூட ஒரு விலை சொன்னேன். நம் சபையில் பெண்கள் ஏலம் கேட்டதில்லை. ஞானசிங் திரும்பிப் பார்த்தான். சொந்தக்காரன் பெண்சாதியே இப்படிக் கேட்கிறாள் என்றால் வண்டியில் ஏதோ இருக்கிறது என்று எண்ணி அவனும் ஏற்றினான். நானும் ஏற்றினேன். யாரோ ஒரு கிழவர் அவனுடைய காதில் சொல்லி உட்காரவைக்கிற வரைக்கும் ஏறியது. தொகையை எழுத மாட்டேன். கோழி முட்டை விற்று நான் சேர்த்ததும், தையல் மெஷினுக்கு என்று நீ மூன்று வருஷமாக அனுப்பியதும் சேர்ந்து சரியாகப் போயிற்று. உன்னைக் கேட்காமல் செலவழித்துவிட்டேன், ஆனால் உனக்காக வைத்த சைக்கிளை உன் பணமே மீட்டது என்று நினைக்கும்போது என் மனசு நிறைந்துதான் இருக்கிறது. ஊசி இருக்கிறது, கையால் தைப்பேன். சிலுவைதாசன் ஆருக்க பேரில எழுத என்று கேட்டார், எனக்க பேரில எழுதும் என்றேன். யோவான் சம்சாரம் என்று எழுதினார். அதை அடித்து ராஜபாய் என்று எழுதச் சொன்னேன்.

இத்தோடு தீர்ந்தது என்று நினைத்துத்தான் வீட்டுக்கு வந்தேன். உன் அப்பா சைக்கிளைத் தொடமாட்டேன் என்றுவிட்டார். புருஷன் கொடுத்ததைப் பெண்சாதி வாங்கிப் புருஷன் ஓட்டினால் அது கொடுத்ததாகுமா என்றார். நாலு நாள் சைக்கிள் உள்ளறையில் நின்றது, அவர் அதைச் சுற்றிப் போனார். நூல் பொதியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே போனார், போன ஊரில் நூல் கொடுத்துத் திரும்ப இருட்டிவிட்டது. இரவு காலைப் பிடித்துக்கொண்டு இருந்தார். சுவரைப் பார்த்துத்தான் இருந்தார், நான் எதற்குப் பயந்தேனோ அது நடந்தது. வெள்ளிக்கிழமை நான் போதகர் ஐயா வீட்டுக்குப் போய்க் கேட்டேன். ஐயா, அந்தச் சைக்கிள் ஆருக்குச் சொந்தம் என்றேன். உனக்குத்தான் என்றார். எனக்கு ஓட்டத் தெரியாது, நான் ஓர் ஆளைக் கூலிக்கு வைத்தால் சபைக்கு அதில் விரோதம் உண்டா என்றேன். அவர் தாடையைத் தடவினார். கொடுத்தவர் கையை விட்டுப் போயிற்று, ஆலயத்தின் கையையும் விட்டுப் போயிற்று, வாங்கினவள் யாரைக் கூலிக்கு வைத்தாலும் சபை கேட்க நியாயமில்லை என்றார். சிரித்தாரா என்று தெரியவில்லை, துண்டால் வாயைத் துடைத்தார். வீட்டுக்கு வந்து அப்பாவிடம், எனக்குச் சைக்கிள் ஓட்ட ஓர் ஆள் வேணும், ஒங்களுக்கு இஷ்டமுண்டா, இல்லேன்னா வேற ஆளைப் பாக்கட்டா என்றேன். அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். நீ கூலி என்ன தருவா என்றார். கஞ்சி என்றேன். கூட்டு உண்டா என்றார். அந்தச் சொல்லைக் கேட்டபோதுதான் என் உயிர் திரும்பி வந்தது.

மறுநாள் சனிக்கிழமை அஞ்சுகிராமம் சந்தை. நீங்க போவாண்டாம், நம்ம போவோம் என்றேன், நான் வாங்கினது நான் ஏறத்தான் என்றேன். கேரியரில் சாக்கை நாலாக மடித்துப் போட்டு உட்கார்ந்தேன். ஐம்பத்திரண்டு வயசில் இது தேவையா என்று எனக்கே இருந்தது. அப்பா சொன்னது சரிதான், ஊர் சிரித்தது. வாசலுக்கு வாசல் நின்று பார்த்தார்கள். சிலுவைதாசன் வழியில் நின்று கும்பிட்டார். ஆலமரம் தாண்டி இறக்கத்தில் காற்று முகத்தில் அடித்தது பார், இதை இத்தனை வருஷம் இந்த மனுஷன் தனியாக அனுபவித்திருக்கிறாரே என்று எனக்கு அப்போதுதான் கோபம் வந்தது, முதுகில் ஒன்று போட்டேன். நீ என்னத்துக்கு அடிக்கா என்றார். சும்மா என்றேன். போக நாலு மைல், வர நாலு மைல். உட்கார்ந்த இடம் மறுநாள் வரை வலித்தது, ஆனால் அடுத்த சனிக்கிழமையும் போனோம். தேங்காய் விலை இறங்கியிருக்கிறது, பொங்கல் தாண்டினால் ஏறும் என்கிறார்கள். கிறிஸ்துமஸ் கழிந்து இனயம் போகலாம் என்று இருக்கிறோம், ஒரே நாளில் போனால் என் இடுப்பு தாங்காது, நாகர்கோவிலில் உன் அக்கா ரத்தினம் வீட்டில் ஓர் இரவு தங்கிப் போவோம். வியாகுலம்மாளுக்கு நான் பலகாரம் கொண்டுபோக வேண்டும், முப்பது வருஷக் கருவாட்டுக்கு எவ்வளவு அதிரசம் சுடுவது என்றுதான் யோசனையாக இருக்கிறது.

அப்பா நூல் கொண்டுபோகத் தினமும் என்னிடம் கேட்டுத்தான் சைக்கிளை எடுக்கிறார், நானும் கேட்டவுடனே சரி என்று சொல்வதில்லை. தனியாகப் போகும்போது முன்சக்கரத்தில் மீட்டரைத் தட்டி ஓடவைக்கிற சின்னக் கம்பியைத் திருப்பி வைத்துவிடுகிறார். ஏன் என்று கேட்டேன். எனக்க கணக்கு லச்சத்தோட முடிஞ்சாச்சு, இனி இதில ஓடுகது ஒனக்க மைலு என்றார். நான் பின்னால் இருந்தால்தான் இப்போது மீட்டர் ஓடும். போன சனிக்கிழமை சந்தையிலிருந்து வந்ததும் உளியை எடுத்துக்கொண்டு அடுக்களை நிலைக்கு முன்னால் போய் நின்றார், வெட்டெல்லாம் இருக்கிற பக்கத்தில் அல்ல, ஒன்றும் வெட்டாத மறுபக்கத்தில். விரலை மடக்கி வாய்க்குள் கணக்குப் போட்டார். வாரம் எட்டு மைலு வச்சா இந்தப் பக்கத்தில ஒரு வெட்டு விழ இருபத்திநாலு வருசம் ஆவும், அது வர நீ இருக்கணும், கேட்டியா என்றார். உளியைத் துடைத்து உள்ளே வைத்துவிட்டுப் போனார். முப்பத்திமூன்று வருஷத்தில் என்னிடம் அவர் இப்படி ஒன்றும் சொன்னதில்லை மகனே. நான் சரி என்று சொன்னேன், வேறு என்ன சொல்ல முடியும்.

நீ கொயினா மாத்திரையைத் தவறாமல் போட்டுக்கொள். மழையில் எஸ்டேட்டுக்குள் வெறுங்காலோடு நடக்காதே, அட்டை இருக்கும் என்று தேவகுமார் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை விடாதே. பெண் பார்க்கிற விஷயத்துக்கு இந்தத் தடவையாவது ஒரு பதில் எழுது. அப்பாவுக்குப் புதுச் சைக்கிள் வாங்கிக் கொண்டுவருகிறேன் என்று எழுதியிருந்தாயே, அது வேண்டாம். தையல் மெஷினுக்கும் இனி அனுப்பாதே. அங்கே கேரியரில் கட்டுகிற மாதிரி பஞ்சு வைத்த சீட்டு கிடைக்குமானால் ஒன்று வாங்கி வருகிற ஆளிடம் கொடுத்துவிடு, கொஞ்சம் அகலமாகப் பார்த்து வாங்கு, நெடுநாள் உழைக்கிறதாக இருக்கட்டும். உன்னை எங்களுக்குத் திருப்பித் தந்த ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, நல்ல சுகத்தோடு எங்கள் கண்ணில் காட்டுவாராக. அப்பா பக்கத்தில் இருந்து முத்தம் சொல்லச் சொன்னார், சொல்லிவிட்டு வெட்கப்பட்டு எழுந்து போய்விட்டார்.

என்றும் உன் நலம் வேண்டுகிற அம்மா,
சைக்கிள் சொந்தக்காரி,
யோ. ராஜபாய்

மீட்டரில் இன்றைக்குப் பதினாறு மைல்.